பழைய தோல் தையல் மெஷினில் நூல் டென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி ஜங்ஷன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று நம் பக்கத்தில் செருப்பு, பை, சீட் கவர் தைக்கிறவர்களிடம் பழைய பேட்ச் மெஷின் ஒன்றாவது இருக்கும். அதை ரிப்பேருக்குக் கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்றே "டென்ஷன் சரியில்லை அண்ணாச்சி" என்பார்கள். பார்த்தால் பெரும்பாலும் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் ஸ்குருவில் கோளாறே இருக்காது. ஊசி, நூல், நூல் போகிற வழி, தேய்ந்த பல்சக்கரம் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இடையில் அந்த ஸ்குருவை ஆளுக்கொரு பக்கம் திருகி வைத்திருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மெஷினைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

சிங்கர் 29 வகை, அதன் நகல்கள். ஜெர்மன் அட்லர் 30-ம் இதே குடும்பம் மாதிரிதான். நீளமான, நுனி மெலிந்த கை இருக்கும். செருப்புக்குள்ளும் பைக்குள்ளும் அந்தக் கையை விட்டுத் தைக்கலாம். பிரஷர் ஃபுட் (தோலை அமுக்கும் பாதம்) முழு வட்டமாகச் சுற்றும். தோலைத் தள்ளுவதும் அந்த ஃபுட்தான், கீழே பல் கிடையாது. மாடல் எண்ணோடு 'கே' எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கில்போவி தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது, அதனால் உங்களிடம் இருப்பது எப்படியும் நாற்பது வயதைத் தாண்டிய மெஷின். கையால் சுற்றும் சின்ன சீன மெஷினுக்கும் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். அதன் ஊசியும் ஷட்டிலும் (கீழ்நூல் சுற்றிய பாபினைத் தாங்கி, மேல்நூலோடு பின்ன வைக்கும் பாகம்) மட்டும் வேறு.

தோலுக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. மேல் டென்ஷனை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை. ஏன்?

அடியில் தொங்குவது மேல்நூல். அதைப் பிடித்து இழுத்து வைக்க யாரும் இல்லை என்று அர்த்தம். "அப்படியென்றால் டென்ஷன் லூஸ்தானே?" என்று கேட்பீர்கள். லூஸ்தான், ஆனால் எந்த இடத்தில் லூஸ் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் டென்ஷன் தட்டுகளைப் பாருங்கள். நூல் இரண்டு தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் சும்மா சாய்ந்து கிடக்கிறதா? தட்டுகளுக்கு நடுவில் பழைய நூல் துண்டோ மெழுகுக் கட்டியோ மாட்டியிருந்தால் தட்டுகள் மூடாது. வெளியே நட்டை எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே இடைவெளி அப்படியே இருக்கும். நட்டைக் கழற்றுங்கள், ஸ்பிரிங், தட்டு எல்லாம் எந்த வரிசையில் வருகின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தட்டுகளின் உள்பக்கத்தைத் துடையுங்கள். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நைலான் நூல் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஓடி ஓடிக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள் விழுந்த நூலைத் தட்டு பிடிக்காது. தட்டைக் கொஞ்சம் சுற்றி வையுங்கள், அல்லது உள்பக்கம் வெளிப்பக்கத்தை மாற்றிப் போடுங்கள். கோடு ஆழமாக இருந்தால் புதுத் தட்டு வாங்கிவிடுங்கள், பெரிய விலை இல்லை.

அடுத்தது ஸ்பிரிங். ரொம்பப் பழைய ஸ்பிரிங் அமுங்கிப்போய்க் குட்டையாக இருக்கும். நட்டை மரையின் கடைசி வரை திருகினால்தான் பிடிக்கிறது என்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதுதான். இழுத்து நீட்டிப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

இவ்வளவும் சரி, இன்னும் தொங்குகிறது என்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

டென்ஷன் எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, கருவி எதுவும் வேண்டாம், இரண்டு விரல் போதும். நான் எந்த மெஷின் வந்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

நூலை டென்ஷன் தட்டு வரைக்கும் மட்டும் கோத்து, தட்டைத் தாண்டிய இடத்தில் பிடித்து மெதுவாக இழுங்கள். எவ்வளவு இறுக்கம் என்று விரலுக்குத் தெரியும். அடுத்து டேக்கப் லீவரில் (ஒவ்வொரு தையலுக்கும் நூலை மேலே இழுக்கும் நெம்புகோல்) கோத்து, அதற்கு அப்பால் இழுத்துப் பாருங்கள். கடைசியாகத் தலைக்குள் இறக்கி, ஊசிக் காதிலும் கோத்து, ஊசிக்குக் கீழே இழுங்கள்.

மூன்று இடத்திலும் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட வேண்டும். தட்டுக்கு அடுத்தே இறுக்கம் இல்லையென்றால் கோளாறு தட்டில். தட்டில் நன்றாக இருந்து, ஊசிக்குக் கீழே இழுக்கும்போது திடீரென்று கனத்துப் போனால் தலைக்குள் இருக்கும் வழி அடைத்திருக்கிறது. விட்டு விட்டு இழுக்கிறது, வெட்டி வெட்டி வருகிறது என்றால் எங்கோ ஒரு பிசிறு இருக்கிறது, அல்லது நூல் கண்டில் சிக்கி இறங்குகிறது. இந்தக் கடைசியை யாரும் சந்தேகப்படுவதில்லை. பெரிய கோன் நூலை மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து, பக்கவாட்டில் இழுக்கிறார்கள். கோனுக்கு நேர் மேலே ஒரு கம்பி வளையம் வைத்து நூலை அதன் வழியாக விடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும்.

தலைக்குள் நூல் போகும் வழியை எப்படிச் சுத்தம் செய்வது?

இந்த வகை மெஷினில் நூல் டேக்கப் லீவரைத் தாண்டியதும் வெளியே தெரியாமல் தலைக்குள் இறங்கி ஊசிப் பக்கம் வரும். அதை இறக்க ஒரு நீளக் கொக்கிக் கம்பி உண்டு. பழைய மெஷினோடு அந்தக் கம்பி வருவது அபூர்வம். சைக்கிள் பிரேக் கேபிளில் ஒரே ஒரு இழையைப் பிரித்து, நுனியை மடக்கிக்கொண்டால் அந்த வேலையைச் செய்யும்.

சுத்தம் செய்ய, பருத்தி நூல் நாலைந்து இழையை முறுக்கி மண்ணெண்ணெயில் நனைத்து, கம்பியால் உள்ளே இறக்கி, மேலும் கீழும் இழுங்கள். கருப்பாக மெழுகும் தூசியுமாக வரும். சுத்தமாக வரும்வரை இழுத்துவிட்டு, காய்ந்த நூலால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அந்த வழியில் எண்ணெய் விடாதீர்கள். அடுத்து தைக்கிற வெள்ளைத் தோலில் கறை இறங்கும்.

தோலின் மேல்பக்கம் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

அடியில் நூல் தொங்குவதற்கு நேர் எதிர். மேல்நூல் கீழ்நூலை மேலே இழுத்துவிடுகிறது. மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள், போகவில்லையென்றால் ஷட்டிலின் ஸ்குருவைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

ஆனால் மெல்லிய தோலில் எதைத் திருகினாலும் புள்ளி போகாது. இரண்டு நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு தோலின் கனத்துக்குள் ஒளிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் லைனிங் தோலில் தடி நூலைப் போட்டால் அந்த முடிச்சுக்கு ஒளிய இடம் ஏது? நூலை மெலிதாக்குங்கள், அல்லது கீழே ஒரு துண்டு தோல் வைத்துத் தையுங்கள்.

தையல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

மேலே கருப்பு நூல், கீழே வெள்ளை நூல், இரண்டும் ஒரே கனம். நீங்கள் தைக்கப் போகிற அதே தோல், அதே அடுக்கு. ஒரு சாண் தைத்துவிட்டுத் தோலை மடக்கிப் பாருங்கள். மேலே வெள்ளையும் கீழே கருப்பும் தெரியக் கூடாது. பிறகு பிளேடால் தையல் ஓரமாக அறுத்துப் பார்த்தால் முடிச்சு நடுவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத் தோலுக்குப் போகாதீர்கள். துணிக்குச் சரியாக இருந்த டென்ஷன் தோலுக்குச் சரிவராது. தோலிலும் வித்தியாசம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து வரும் குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஊசி சுலபமாக இறங்கும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் விறைப்பாக நின்று ஊசியை இறுகப் பிடிக்கும். அதில் முடிச்சை உள்ளே இழுக்க மேல் டென்ஷன் கூடுதலாக வேண்டும், சில சமயம் ஊசியையும் ஒரு நம்பர் ஏற்ற வேண்டும்.

எந்த ஊசி போட வேண்டும்? கடையில் கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள்.

சிங்கர் 29 வகைக்கு 29×3, 29×4 என்று இரண்டு ஊசி. 29×3 துணிக்கு, உருண்ட முனை. 29×4 தோலுக்கு, முனையில் வெட்டும் விளிம்பு இருக்கும். அட்டையில் 332 என்றும் போட்டிருக்கும். டெய்லர் கடை மெஷின் ஊசியோ ஜூக்கி மாதிரி மெஷின்களின் டி.பி. ஊசியோ உள்ளே நுழைந்தாலும் நீளம் சேராது. ஷட்டிலின் மூக்கு வரும்போது ஊசிக் காது அதற்குரிய இடத்தில் இருக்காது. அப்போது வரும் தையலைப் பார்த்துவிட்டு டென்ஷனைத் திருகுவதில் பயனில்லை. கடைக்குப் போகும்போது சரியான பழைய ஊசி ஒன்றைக் கையில் கொண்டுபோய் நீளத்தை ஒத்துப் பாருங்கள்.

ஊசியைப் போடும் திசையும் முக்கியம். நீளக் காடி (ஊசித் தண்டில் ஓடும் பள்ளம்) நூல் நுழைகிற பக்கம் இருக்க வேண்டும், காதுக்கு மேலே இருக்கும் குழிவு ஷட்டில் மூக்கு வருகிற பக்கம். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தையல் விடும். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. தோல் ஊசி மொட்டையானது கண்ணுக்குத் தெரியாது. தைக்கும்போது 'டப் டப்' என்று சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள். ஊசியில் மிச்சம் பிடிக்கிற கஞ்சத்தனம் வேண்டாம்.

நூலில் 40, 30, 20 என்று எழுதியிருக்கிறது. எந்த நம்பர் எனக்கு?

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி டென்ஷன் தொல்லை தீரும்.

அது டிக்கெட் எண். எண் கூடினால் நூல் மெலிது, குறைந்தால் தடிப்பு. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு 40-ஐத் தடி நூல் என்று வாங்கிப்போகிறவர்கள் நிறைய. டெக்ஸ் என்று இன்னொரு கணக்கு உண்டு: 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது. இதில் எண் கூடினால் தடிப்பு. செயற்கை நூலில் இரண்டுக்கும் உறவு சுலபம்: டிக்கெட் எண்ணையும் டெக்ஸையும் பெருக்கினால் ஏறக்குறைய 3000 வரும். அதனால் டிக்கெட் 40 என்பது டெக்ஸ் 70–75, டிக்கெட் 30 என்பது டெக்ஸ் 90–100, டிக்கெட் 20 என்பது டெக்ஸ் 135–150.

பேட்ச் மெஷினுக்கு உகந்தது டிக்கெட் 40 நைலான் அல்லது பாலியஸ்டர். ஊசி 18. அதாவது 110: ஊசித் தண்டின் கனம் 1.10 மில்லிமீட்டர். தோல் விறைப்பாக இருந்தால் ஊசி 19, அதாவது 120. டிக்கெட் 30 போடலாம், ஊசி 19 அல்லது 20 வேண்டும், மெஷின் நல்ல நிலையில் இருக்க வேண்டும். டிக்கெட் 20 வேண்டாம். சின்ன பாபின், சின்ன ஷட்டில் உள்ள இந்த மெஷின் அதற்காகச் செய்ததில்லை. ஷட்டிலைச் சுற்றிப் போக அந்த நூலுக்கு இடம் போதாது. மேல் டென்ஷனை இறுக்கி இழுக்கப் பார்ப்பீர்கள், ஊசி வளையும், அப்புறம் ஷட்டில் மூக்கில் இடிக்கும்.

நூலுக்குப் பொருந்தாத சின்ன ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்றால், துளை சின்னதாக விழும், முடிச்சு அதற்குள் ஏறாது, அடியில் கிடக்கும். பார்க்க டென்ஷன் லூஸ் மாதிரியே இருக்கும். அடியில் நூல் கிடக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஊசி நம்பரைத்தான்.

கீழ்நூலை மட்டும் மெலிதாகப் போடலாமா? பாபின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

போடலாம். மேலே 40, கீழே 60 போட்டால் பாபினில் அதிக நீளம் பிடிக்கும், முடிச்சும் சின்னதாகி உள்ளே ஒளியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரம் பை ரிப்பேர் குவியும்போது இது நல்ல உபாயம். பலம் வேண்டிய வேலைக்கு வேண்டாம். மெலிந்த நூல்தான் முதலில் அறும்.

பாபினை வழிய வழியச் சுற்றாதீர்கள். விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள். வழிந்த பாபின் ஷட்டிலுக்குள் உரசும். முதல் பத்துப் பதினைந்து தையல் இறுக்கமாக வந்து, பிறகு திடீரென்று தளரும். தளர்ந்தும் தளராமலும் சுற்றிய பாபினும் அப்படித்தான், தைக்கத் தைக்க இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஷட்டிலில் உள்ள குட்டி ஸ்குருவை எவ்வளவு திருகலாம்?

கடிகார முள்ளில் ஐந்து நிமிட அளவு. அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். திருகுவதற்கு முன்னால் ஸ்குரு காடி எந்தத் திசையில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்து வேலை செய்யுங்கள். அந்த ஸ்குரு தரையில் விழுந்தால் கிடைக்காது.

வரிசை எப்போதும் இதுதான்: கீழ்நூலை முதலில் சரியாக நிறுத்து, பிறகு மேலே மட்டும் திருகு. ஷட்டிலில் பாபினைப் போட்டு நூலைக் கையால் இழுத்தால் வழவழவென்று, ஒரே சீராக வர வேண்டும். துளி எதிர்ப்பு இருக்க வேண்டும், ஆனால் வெட்டக் கூடாது. நூல் எண்ணை மாற்றாதவரை இதை மறுபடி தொட வேண்டாம். எல்லாவற்றையும் மேலே உள்ள நட்டால் சரிக்கட்டுங்கள்.

இழுக்கும்போது வெட்டுகிறது என்றால் ஷட்டிலில் நூலை அமுக்கும் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் அழுக்கு. ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை ஸ்பிரிங்குக்கு அடியில் நுழைத்து இழுத்தாலே வந்துவிடும். குண்டூசி, பிளேடு வேண்டாம், கீறிவிடும். பாபினைப் போட்ட திசை தப்பாக இருந்தால் நூல் காடியில் நிற்காமல் வழுக்கி வெளியே வரும். திருப்பிப் போட்டு இழுத்துப் பாருங்கள், எது பிடிக்கிறதோ அது சரி.

மெழுகு நூல் போடலாமா?

கையால் தைக்கிறவர்கள் போடும் மெழுகு நூலைக் கேட்கிறீர்கள் என்றால், வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் மெழுகு இளகித் தட்டில் ஒட்டும், காலையில் ஒரு டென்ஷன், மத்தியானம் ஒரு டென்ஷன் என்று ஆடும். மெஷினுக்கென்று விற்கும் பிசின் பூசிய நைலான் நூலே போதும்.

அண்ணாச்சி, நேராகத் தைத்தால் நன்றாக வருகிறது. ஃபுட்டைத் திருப்பிப் பக்கவாட்டில் தைத்தால் தையல் கோணலாக, லூஸாக வருகிறது. எது கெட்டுப்போச்சு?

ஒன்றும் கெடவில்லை. இந்த மெஷினின் குணம் அது. ஃபுட் சுற்றுகிறது, ஊசி சுற்றுவதில்லை. காடியும் குழிவும் எப்போதும் ஒரே பக்கம்தான். தோல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைப் பொறுத்து நூல் ஊசியிலிருந்து கழலும் விதம் மாறும். ஒரு திசையில் நேர்க்கோடாக இருக்கும் தையல் இன்னொரு திசையில் கொஞ்சம் சாய்ந்து விழும். அதைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய டென்ஷனால் முடியாது. வெளியே தெரியும் தையலை மெஷினுக்குப் பிடித்த திசையிலும், உள்பக்கத்தை மற்ற திசையிலும் தையுங்கள். பழைய ஆட்கள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் லூஸ் மட்டும் இல்லாமல் தையலின் நீளமும் ஒரு திசையில் குறைகிறது என்றால் ஃபுட்டைப் பாருங்கள். ஃபுட்டின் அடியில் உள்ள பல் தேய்ந்து வழுக்குகிறதா, ஃபுட்டை அமுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? தோல் வழுக்கினால் நீங்கள் கையால் இழுத்து உதவி செய்வீர்கள். இழுத்தவுடன் ஊசி வளையும். கை தோலைத் திருப்ப மட்டும்தான், இழுக்க அல்ல. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

தையல் விட்டுவிட்டுப் போகிறது. இதுவும் டென்ஷனா?

இல்லை. தையல் விடுவது வேறு நோய். ஊசி கீழே போய்த் திரும்பி மேலேறத் தொடங்கும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். ஷட்டில் மூக்கு அந்த நேரத்தில் அந்த வளையத்துக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் தையல் இல்லை.

ஊசி தப்பு, ஊசி திரும்பியிருக்கிறது, ஊசி வளைந்திருக்கிறது என்பவற்றை முதலில் தள்ளுங்கள். அப்புறம் ஃபுட் அழுத்தம். அழுத்தம் போதவில்லையென்றால் ஊசி ஏறும்போது தோலும் கூடவே ஏறும், வளையம் விரியாது.

இவையெல்லாம் சரியென்றால் தேய்மானம். கை நுனியில் இருக்கும் ஷட்டிலுக்கு அசைவு கையின் நீளம் முழுக்க உள்ளே ஓடும் தண்டு வழியாகப் போய், நுனியில் குட்டிப் பல்சக்கரத்தில் முடிகிறது. அந்தப் பற்கள் தேயும். சோதனை இப்படி: கைச்சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் விரலால் ஷட்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை ஆட்டம் எல்லா மெஷினிலும் இருக்கும். கண்ணால் பார்த்தே சொல்லும் அளவு ஆடினால் மூக்கு நேரத்துக்கு வராது. பற்களை மாற்றுவதுதான் வழி. 29 வகைக்கு மாற்றுப் பாகம் இப்போதும் கிடைக்கிறது. நகல் மெஷினாக இருந்தால் பழைய பல்லைக் கழற்றிக்கொண்டுபோய் ஒத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அளவு மயிரிழை மாறும், உள்ளே போட்டால் இறுகி நின்றுவிடும்.

இந்த நோய்க்கு மேல் டென்ஷனைத் தளர்த்தினால் கொஞ்சம் தேவலை மாதிரி தெரியும். வளையம் பெரிதாக விரிவதால் தாமதமாக வரும் மூக்குக்கும் அகப்படும். அதைப் பார்த்து "டென்ஷன்தான்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிறகு அடியில் நூல் தொங்கும். இறுக்கினால் தையல் விடும், தளர்த்தினால் தொங்கும் என்ற நிலை வந்தால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பல்லைப் பாருங்கள்.

மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.

அறுந்த நுனியைப் பாருங்கள். சுத்தமாக வெட்டினது போல இருந்தால் கூர்மையான பிசிறு: ஊசித்தட்டின் துளை விளிம்பில், ஷட்டில் மூக்கில், அல்லது ஊசிக் காதில். இழை இழையாகப் பிரிந்து பஞ்சு போல இருந்தால் உரசல்: ஊசி சின்னது, அல்லது டென்ஷன் அதிகம். நுனி உருண்டு கட்டியாக இருந்தால் சூடு. மோட்டார் போட்டு வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு ஊசி சூடாகி நைலான் உருகும்.

பிசிறை எடுக்க 1000 நம்பர் உப்புத்தாளை நூல் போல மெலிதாகக் கிழித்துத் துளைக்குள் விட்டு இழுங்கள். ஷட்டில் மூக்கில் மட்டும் அரம் படக் கூடாது. மூக்கு குட்டையானால் புது ஷட்டில்தான்.

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், மார்கழி அதிகாலையில் மெஷின் கனத்துப் போகும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் சின்ன பாட்டில் போதும். ஷட்டில் ஓடும் பாதையில் ஒரு சொட்டு, தலையில் உள்ள எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு. டென்ஷன் தட்டில் எண்ணெயே படக் கூடாது. பட்டால் வழுக்கும்.

ஆடி மாதம் வந்தால் மட்டும் என் மெஷின் மக்கர் பண்ணுகிறது. நம்புவீர்களா?

நம்புகிறேன். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக் காற்று காற்றாலையைச் சுற்றுகிற வேகத்தில் மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். திசையன்விளை தேரி மண் மாவு மாதிரி இருக்கும். திறந்த கடையில் அது நேராக ஷட்டில் பாதையிலும் டென்ஷன் தட்டிலும் போய் உட்காரும். எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசை. அந்த மாதங்களில் நாள்தோறும் ஷட்டிலை எடுத்து பிரஷ்ஷால் தட்டுங்கள், ராத்திரி மெஷினைப் போர்வையால் மூடுங்கள்.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் கதை வேறு. அங்கே அதே நேரத்தில் சாரல். ஈரத்தில் தட்டு துருப்பிடிக்கும், துரு நூலை உரசும், தோலும் ஈரம் குடித்து ஊசியை இறுகப் பிடிக்கும். தைக்கும் தோலை உள்ளே காய வைத்திருங்கள்.

பனையேறிகள் மார்பில் கட்டும் தோல் பட்டை, மாட்டுக் கழுத்து வார் எல்லாம் இதில் தைக்கலாமா?

பட்டையின் ஓரம், மெல்லிய உள்தோல் இவற்றைத் தைக்கலாம். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்கு வருகிறவர்கள் கேட்கிற மாதிரி முழுக்கனக் கழுத்து வாரை இரண்டு அடுக்காகத் தைக்க இது போதாது. ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை இல்லை. விறைத்த தோலில் அந்த அளவுக்குக்கூட முடிச்சு உள்ளே ஏறாது. அந்த வேலைக்குக் கைத்தையல்தான் நிற்கும், அதற்குத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை போகட்டும்.

மோட்டார் போட்டால் டென்ஷன் மாறுமா?

வேகம் மாறினால் கொஞ்சம் மாறும். போடுவதென்றால் மெதுவாக ஓட்டக்கூடிய சர்வோ மோட்டார் போடுங்கள். பேட்ச் வேலைக்குக் கைச்சக்கரமே போதும் என்பது என் கட்சி.

பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும் இடத்தில் என்ன பார்ப்பது?

விற்கிறவர் மெல்லிய துணியில் தைத்துக் காட்டுவார். அதை விடுங்கள். நீங்களே இரண்டு அடுக்குத் தோல், டிக்கெட் 40 நூல் இரண்டு நிறத்தில், புது 29×4 ஊசி 18 கொண்டுபோங்கள். நாலு திசையிலும் ஃபுட்டைத் திருப்பித் தைத்துப் பாருங்கள். ஷட்டிலை விரலால் ஆட்டிப் பாருங்கள். தையல் நீளத்தை முழுக்க வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுகிறது என்று எண்ணுங்கள்: ஐந்து, ஆறு என்றால் மெஷின் நன்றாக இருக்கிறது. ஏழு, எட்டு என்றால் தேய்மானம் உண்டு, விலையில் குறைக்கச் சொல்லலாம். பத்துக்கு மேல் போனால், பாகம் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

ஷட்டிலும் பாபினும் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பாபின் நாலைந்தாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டென்ஷன் நட்டு மரையின் கடைசி வரை இறுகி நின்றால் "ஏன் இவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள்.